ஏழாவது கட்டத்தின் அளவுக்கோடு

என் செல்லத் தங்கை அமுதாவுக்கு,

நேற்று, செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு, உன் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழின் ஆசிரியர் அலுவலகத்திலிருந்து உன் கணவர் பாஸ்கரனுக்கு மின்னஞ்சல் வந்தது. திருத்திய மூன்றாம் படம் கிடைத்தது, அதைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று இரண்டே வரி. அண்ணனூர் ரயில் பணிமனையில் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை பொறுத்திருந்து அவர் அதை எனக்கு அனுப்பினார். உன் பேராசிரியரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவருக்கும் அதே கடிதம் வந்திருக்கிறது. ஆகவே செய்தி உறுதி.

எந்தத் திருத்தம், எதற்குத் திருத்தம் என்று நீ கேட்பாய். சொல்கிறேன். இதை உனக்குத்தான் எழுதுகிறேன் என்றாலும் மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சில இடங்களில் சொல்ல வேண்டியிருக்கும். பொறுத்துக்கொள்.

பூந்தமல்லிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நீ பதினான்கு ஆண்டுகள் வேலை பார்த்தாய். சர்க்கரை நோய் வந்தவர்களின் கால் நரம்பு எவ்வளவு வேகத்தில் தகவலைக் கடத்துகிறது என்று அளப்பது உன் வேலை. கெண்டைக்காலில் சின்னதாக ஒரு மின் அதிர்ச்சி கொடுப்பாய். அது கணுக்காலுக்குப் பின்னால் வந்து சேர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று கருவி குறித்துக்கொள்ளும். நரம்பு கெட்டவர்களுக்குத் தகவல் தாமதமாக வரும். மற்றவர்களின் கட்டுரைகளில் நான்காவது பெயராகவும் ஐந்தாவது பெயராகவும் இருந்த உனக்கு, முதல் பெயராக அமைந்த கட்டுரை இது ஒன்றுதான். அது வெளியான நாளில் நீ இல்லை. மூளையில் ரத்தக் கசிவு என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோய், அடுத்த நாளே உன்னைத் திருப்பிக் கொண்டுவந்தோம். இருபது நாள் கழித்துக் கட்டுரை வந்தது.

அதில் மூன்றாம் படம். ஒன்பது கட்டங்கள், ஒன்பது மனிதர்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு கோடு. சமதளமாக ஓடி, ஓரிடத்தில் மேடாக எழுந்து, மறுபடி படுத்துக்கொள்ளும். அந்த மேடு இடப்பக்கம் நெருங்கி இருந்தால் தகவல் சீக்கிரம் வந்தது என்று அர்த்தம். தள்ளிப் போனால் தாமதம்.

முதலில் நீ அனுப்பிய படத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் கீழே ஓர் அச்சு, இடப்பக்கம் ஓர் அச்சு, இரண்டிலும் வரிசையாக எண்கள் இருந்தன. படித்துப் பார்த்த மதிப்பீட்டாளர் ஒருவர், எண்களின் நெரிசலில் கோடே தெரியவில்லை, இந்தத் துறையின் வழக்கப்படி அச்சுகளை எடுத்துவிட்டு அளவுக்கோடு போடுங்கள் என்று எழுதியிருந்தார். ஊர் வரைபடத்தின் மூலையில் சின்னதாக ஒரு கோடு போட்டு, இவ்வளவு நீளம் ஒரு கிலோமீட்டர் என்று எழுதியிருப்பார்களே, அதுதான் அளவுக்கோடு. அதை விரலில் எடுத்து வைத்து மற்றதையெல்லாம் நாமே அளந்துகொள்ளலாம். ஒன்பது கட்டத்தையும் கையால் திருத்துவதற்குப் பதிலாக, நாற்பது வரிக்கு ஒரு பைதான் கணினி நிரல் எழுதினாய். பைபாஸ் பேருந்தில் உனக்குப் பக்கத்து இருக்கையில் வந்து பழக்கமான கங்காதான் உனக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர். தேனியிலிருந்து வந்து, வானகரத்தில் குடியிருந்துகொண்டு, மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவர்.

இனி, அந்தப் படத்தை நீ முடித்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அது நீயும் நானும் பாஸ்கரனும் மட்டும் இருந்த மதியம். மீன் குழம்பு. சாப்பாடு முடிந்து கை கழுவாமலே நீ மடிக்கணினியை இடது கையால் என் பக்கம் திருப்பினாய்.

"அண்ணா, எப்படி இருக்கு பாரு. எண்ணு எல்லாத்தையும் தூக்கிட்டேன்."

நன்றாக இருந்தது. கோடுகள் வெள்ளைத் தாளில் தனியாக நின்றன. ஒவ்வொரு கட்டத்தின் கீழ் மூலையிலும் ஒரு சிறு அளவுக்கோடு, அதன் அடியில் ஐந்து மில்லி விநாடி என்று எழுத்து. நான் செய்தித்தாளில் பக்கம் பார்த்துப் பழகிய கண்ணோடு பார்த்தேன். ஏழாவது கட்டத்தில் கண் நின்றது.

"எட்டுக் கட்டத்துல கோடு ஒரே நீளம். இதுல மட்டும் பாதியா நிக்குது. அசிங்கமா இருக்கு. எல்லாத்தையும் ஒண்ணாக்கிடு" என்றேன்.

"அது பாதியாத்தாண்ணா இருக்கணும். அந்த ஆளுக்கு மட்டும் தகவல் வர லேட்டாச்சு. பின்னால இன்னும் ஏதாவது வருதான்னு பாக்க ரெண்டு மடங்கு நேரத்துக்குப் பதிவு ஓட்டுனேன். அத்தனையும் அதே கட்டத்துக்குள்ள அடங்கணும்னா அஞ்சு மில்லி விநாடி குட்டையாத்தான் வரும்."

"அது உனக்குத் தெரியும். படிக்கிறவனுக்கு? தப்பாப் போட்டுட்டாங்கன்னுதான் நெனைப்பான்."

"இது பேப்பர் இல்லண்ணா."

பாஸ்கரன் தட்டை எடுத்துக்கொண்டே சொன்னார். "கேட்டுக்க அமுதா. முப்பது வருசமா பக்கம் போடற மனுசன். அவரு கண்ணுக்கு ஊட்டு சுவத்துல காலண்டர் சாஞ்சி கீதுன்னாலே சோறு எறங்காது."

நீ சிரித்தாய். மடிக்கணினியை உன் பக்கம் இழுத்துக்கொண்டாய். நான் கை கழுவ எழுந்து போனேன். அன்று சாயங்காலம் இறுதிப் படத்தை எனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தாய். திறந்து பார்த்தேன். ஒன்பது அளவுக்கோடுகளும் ஒரே நீளத்தில் இருந்தன. அதை மட்டும்தான் பார்த்தேன். நன்று என்று ஒரு சொல் பதில் போட்டேன்.

அந்த ஏழாவது கட்டத்து மனிதரை உன்னிடம் அனுப்பியவனும் நான்தான். எங்கள் தெருவுக்குப் பேப்பர் போடும் ஏழுமலை. ஒருநாள் காலையில் ஒற்றைச் செருப்போடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். இன்னொன்று எங்கே என்று கேட்டபோதுதான் குனிந்து பார்த்தார். கழன்று விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. உன்னிடம் சொன்னேன், நாளைக்கே அனுப்பு என்றாய். கட்டுரையில் யார் பெயரும் கிடையாது. ஆனால் ஏழாவது கட்டம் தன் கால் என்பதை அவரிடம் நீயே சொல்லியிருந்தாய்.

கட்டுரை வந்து வெகுநாள் நான் அதைத் தொடவில்லை. உன் பெயரைப் பார்ப்பதற்கு மனம் தயாராக வேண்டியிருந்தது. பிறகு ஒருநாள் மூன்றாம் படம் இருக்கும் பக்கத்தை மட்டும் பெரிதாக நகல் எடுத்து, காலையில் ஏழுமலை பேப்பர் பிரிக்கும் இடத்துக்குக் கொண்டுபோனேன். இணைப்புத் தாள்களைச் செருகிக்கொண்டிருந்தவர் விரலை லுங்கியில் துடைத்துவிட்டு வாங்கினார்.

"இதான் என் காலா சார்?"

"ஏழாவது."

"அப்ப மொதோ கட்டத்துல கீறது யாரு?"

"நோய் இல்லாத ஒருத்தர். ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு."

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவசரப்படுகிற ஆள் இல்லை அவர்.

"சார், தப்பா நெனிச்சிக்காதே. மேடம் அன்னிக்கு இன்னா சொன்னாங்கோ தெரியுமா? ஏழுமலே, நல்ல காலுக்கு ஆவற மாதிரி ரெண்டு பங்கு நேரம் ஆவுது உன் காலுக்கு, வெறுங்காலோட ஒரு அடி வெக்காதேன்னாங்கோ. நானும் பூட்ஸு மாட்டிகினு சுத்தறேன். பேப்பர் போடறியா, போலீஸ்ல சேந்துட்டியான்னு தெருவே கலாய்க்குது. இங்க பாத்தா அவனோட மேடும் என்னோட மேடும் ஒரே எடத்துல நிக்குது. கீழ கோடும் ஒண்ணாத்தான் கீது. அப்ப என் காலு நல்லாதான் கீதா?"

பூட்ஸைக் கழற்ற வேண்டாம், விசாரித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து அடிக்கோலை எடுத்தேன். அளவுக்கோடு இரண்டு சென்டிமீட்டர். அது ஐந்து மில்லி விநாடி. ஏழுமலையின் மேடு கோட்டின் தொடக்கத்திலிருந்து ஒன்று புள்ளி நான்கு சென்டிமீட்டரில் இருந்தது. கணக்குப் போட்டால் மூன்றரை மில்லி விநாடி. அடுத்த பக்கத்து அட்டவணையில் ஏழாவது நபருக்கு எதிரே நீ எழுதியிருந்தது ஏழு. இரண்டு முறை அளந்தேன். அடிக்கோலை மாற்றி மூன்றாம் முறையும் அளந்தேன். உன் படம் ஒன்று சொல்கிறது, உன் அட்டவணை அதைப்போல் இரண்டு மடங்கு சொல்கிறது. இரண்டில் ஒன்று பொய். அட்டவணை பொய்யானால் கட்டுரையே நிற்காது.

அந்த நிமிடத்தில் எனக்கு ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீதான் தவறிவிட்டாய் என்று நினைத்தேன். அதற்காக உன்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

மறுநாள் உன் பேராசிரியரைப் பார்க்கப் பூந்தமல்லி போனேன். அவர் தாளை வாங்கி, தானே அளந்தார். உன் மேசையில் இப்போது வேறொருவர் உட்கார்ந்திருக்கிறார். உன் நாற்காலியின் கைப்பிடியில் நீ சுற்றி வைத்த நீல நாடா அப்படியே இருந்தது.

"நான் பார்த்திருக்கணும். நானும் கையெழுத்துப் போட்டவன்தானே" என்றார் கடைசியில்.

இதழுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை என்றார். ஆனால் திருத்தம் போட, கட்டுரை எழுதியவர்கள் எல்லாருடைய சம்மதமும் தேவை. இறந்துபோனவருக்காக அவருடைய குடும்பத்தில் ஒருவர் கையெழுத்திட வேண்டும். அதாவது பாஸ்கரன். அதற்குள் எது தவறு என்று பார்ப்பதற்காக, உன் நிரலையும் கருவி பதிந்த மூலக்கோப்புகளையும் ஒரு சின்ன பென்டிரைவில் போட்டு என்னிடம் கொடுத்தார்.

அண்ணனூரில் இறங்கி உன் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உன் படத்துக்குப் பக்கத்தில் கட்டுரையின் முதல் பக்கத்தைக் பாஸ்கரன் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். பணிமனையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். கையில் கிரீஸ் இருந்தது. சொன்னதை முழுவதும் கேட்டார்.

"வேணாம் மச்சான்" என்றார்.

"மாப்ள, அது தப்பா இருக்கு."

"இருந்துட்டுப் போவட்டும். எத்தினி பேரு ஸ்கேல் வெச்சிகினு அளக்கப் போறாங்கோ?"

"ஏழுமலை ஸ்கேல் இல்லாமலே கண்டுபிடிச்சாரே."

அவர் எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு உட்காரவில்லை.

"உங்களுக்கு அது ஒரு படம். எனக்கு அவ பேரு வெளிய கீறது இந்த ஒரு காயிதத்துலதான். நாளைக்கி எவனாச்சும் அவ பேர நெட்டுல அடிச்சா, மொதல்ல திருத்தம்னுதானே வரும்? செத்துப் போனவ எதிர்த்துப் பேச மாட்டா. அவ சார்பா நான் தப்புன்னு எழுதிக் குடுக்கணுமா? நீங்க அவளுக்கு அண்ணனா, இல்ல பேப்பர்காரனா?"

இரண்டும்தான் என்று வாய்வரை வந்தது. அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியவில்லை, அமுதா. திருத்தம் எழுதுவது எனக்குப் புதிதல்ல. எங்கள் பேப்பரின் ஆறாம் பக்கத்தின் அடியில் நான்கு வரி, எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். பேப்பர் வாங்கியதும் நீ முதலில் தேடிப் படிப்பது அந்த நான்கு வரிகளைத்தான். திருத்தம் போடுகிற பேப்பரைத்தான் நம்பலாம் என்பாய். ஆனால் அதெல்லாம் உயிரோடு இருக்கிறவர்களின் தவறுகள். அவர்கள் மறுநாள் அலுவலகத்துக்கு வந்து, சரியாக இன்னொன்று எழுதி, அதை மறக்கடித்துவிடலாம். உனக்கு அந்த மறுநாள் இல்லையே?

சனிக்கிழமை கங்காவின் வீட்டுக்குப் போனேன். வானகரத்தில் ஆறாவது மாடி. பென்டிரைவைச் செருகி உன் நிரலைத் திறந்து முதல் சில வரிகளைப் படித்தார்.

"அக்கா எழுதுன மாதிரியே இருக்குண்ணே. எல்லாத்துக்கும் முழுப் பேரு வைக்கும். சுருக்கமா எழுதுன்னா கேக்காது" என்றார்.

முதலில் மூலக்கோப்புகளைப் பார்த்தார். எட்டுப் பேருக்குப் பதிவு இருபது மில்லி விநாடி. ஏழாவதுக்கு மட்டும் நாற்பது. ஏழுமலையின் மேடு ஏழாவது மில்லி விநாடியில் இருந்தது. அட்டவணை மெய். மற்ற எட்டுப் பேரின் எண்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். எல்லாம் மெய். நான் அவரிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"அப்ப படம் எங்கே கெட்டது?" என்றேன்.

அவர் நிரலில் இரண்டு இடத்தைக் காட்டினார். முதலில் நீ எழுதியது, அளவுக்கோட்டை ஐந்து மில்லி விநாடி நீளத்துக்குப் போடு என்பது. அப்படிப் போட்டால் நாற்பது மில்லி விநாடிக் கட்டத்தில் அது தானாகவே பாதியாகும். அந்த வரிக்கு முன்னால் ஒரு குறி போட்டு அதை நீ செயலற்றதாக்கிவிட்டு, கட்டத்தின் அகலத்தில் கால் பங்குக்குக் கோடு போடு என்று மாற்றியிருந்தாய். இருபதில் கால் பங்கு ஐந்து. சரி. நாற்பதில் கால் பங்கு பத்து. அங்கே அடியில் பத்து என்று எழுதியிருக்க வேண்டும். ஐந்து என்றே நின்றுவிட்டது.

"அச்சு இருந்திருந்தா இது நடந்திருக்காதுண்ணே" என்றார் கங்கா. "அச்சுல வர்ற எண்ண நெரலே தரவப் பாத்துப் போட்டுரும். அளவுக்கோட்டுக்கு அடியில நாம என்ன எழுதச் சொல்றமோ அததான் எழுதும். அதுக்குத் தானா எதுவும் தெரியாது. கோட்டத் தொட்டா எழுத்தையும் தொடணும். ஒரு வரி. அக்கா இத எனக்கே பாடம் எடுத்துருக்கு. அது எப்படி விட்டுச்சுன்னுதான் தெரியல."

பிறகு திரையை மேலே தள்ளினார். அந்த மாற்றத்துக்கு மேலே, நிரல் கண்டுகொள்ளாத, மனிதர்கள் படிப்பதற்காக எழுதும் குறிப்பு ஒன்று இருந்தது. அவர் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. என் பக்கம் திருப்பினார்.

"அண்ணா சொன்னபடி எல்லாம் ஒரே நீளம். ஏழாவதுக்கு எழுத்தைப் பத்து என்று மாற்ற வேண்டும்."

அடியில் தேதி அந்த ஞாயிற்றுக்கிழமை. நேரம் பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடம். நான் கை கழுவிவிட்டு வந்து உன்னிடம் வெற்றிலை கேட்டது ஏறக்குறைய அந்த நேரம்தான். நீ எழுந்து போய் எடுத்து வந்தாய். திரும்பி உட்கார்ந்தபோது முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டாயா? திங்கட்கிழமை பேருந்தில் ஒருமுறையாவது நினைவு வந்ததா? தெரிந்துகொள்ள வழியில்லை. உறுதி செய்ய முடியாததை எழுதுவதில்லை என்று இத்தனை ஆண்டுகள் இருந்தவன் நான். வெற்றிலையை மட்டும் ஏன் எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

கங்கா சமையலறைக்குப் போனார். வேண்டுமென்றே அங்கே வெகுநேரம் நின்றார் என்று பிறகு புரிந்தது.

அந்த ஒரு குறிப்பை மட்டும் அச்செடுத்துக்கொண்டு, பாஸ்கரனுக்கு விடுமுறையான நாளில் மறுபடி உன் வீட்டுக்குப் போனேன். முழுவதும் நானே சொன்னேன். ஞாயிறு மதியம் நான் சொன்னது, நீ மறுத்தது, நான் விடாமல் சொன்னது. அவரும் கூடத்தான் இருந்தார். ஆனால் அவருக்கு அது நினைவில் இல்லை. காலண்டர் கிண்டல் மட்டும் நினைவிருந்தது. தாளை நீட்டினேன். இரண்டு முறை படித்தார். இரண்டாவது வரியில் விரலை வைத்துக்கொண்டார்.

"இது அவ எழுதினதா?"

"ஆமா."

"அப்ப அவளுக்குத் தெரிஞ்சி கீது."

"தெரிஞ்சுதான் இருந்திருக்கு மாப்ள. செய்ய விட்டுப்போச்சு."

அவர் தாளை மடித்தார், பிரித்தார். பிறகு சொன்னது இது. "ஷெட்டுல ஷிப்டு மாறும்போது நோட்டுல எழுதி வெச்சிட்டுதான் வெளிய வருவோம் மச்சான். இன்ன கோச்சு, இன்ன வேலை, இது பாக்கின்னு. அடுத்த ஷிப்டுக்காரன் அத முடிச்சுக் கையெழுத்துப் போடணும். பாக்கி வெச்சிட்டுப் போனவன யாரும் திட்ட மாட்டான். எழுதாத போனாத்தான் திட்டு." மூக்கை உறிஞ்சினார். "இவ எழுதி வெச்சிட்டுதான் போயிருக்கா. குடுங்க, எங்க போடணும்?"

கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது என் கையை விடவில்லை.

"ஆனா இந்த மொதோ வரி உங்களுது."

"என்னுதுதான்."

"அதையும் எழுதுவீங்களா? இல்ல அவ பேர்லயே போயிடுமா?"

எழுதுவேன் என்றேன். அன்றே பேராசிரியரிடம் கேட்டேன். மாற்றத்துக்குக் காரணம் கட்டுரை எழுதியவர்களில் ஒருவர் அல்ல, வெளியாள் ஒருவர் சொன்ன யோசனை என்று திருத்தக் குறிப்பில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று. முடியாது என்றார். இதழின் படிவத்தில் பிழை என்றால் அது கட்டுரை எழுதியவர்களுடையது. யார் பேச்சைக் கேட்டுச் செய்தார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. "நல்லதுக்குத்தான் அப்படி வெச்சிருக்காங்க. இல்லாட்டி ஆளாளுக்கு அடுத்தவங்களைக் கைகாட்டுவாங்க" என்றார். சரிதான். ஆகவே அந்த வரியை இங்கே எழுதுகிறேன், எல்லாரும் படிக்கும்படி.

திருத்தம்: ஏழாவது கட்டத்தின் அளவுக்கோடு குட்டையாக இருந்தது. அப்படி இருந்ததே சரி. அதை நீளமாக்கச் சொன்னவன் நான். அமுதா மறுத்தாள். நான் வற்புறுத்தினேன். எனக்குத் தெரியாத ஒரு துறையில், பக்கத்தின் அழகு மட்டுமே தெரிந்த கண்ணோடு சொன்னேன்.

கங்கா நிரலைத் திருத்திய அன்று பேராசிரியரும் காணொளி அழைப்பில் இருந்தார். இரண்டு வழி இருக்கிறது என்றார் கங்கா. ஒன்று, நீளத்தைச் சமமாகவே விட்டு ஏழாவதில் எழுத்தை மட்டும் பத்தாக மாற்றுவது. இன்னொன்று, நீ முதலில் எழுதி நிறுத்தி வைத்த வரிக்கே உயிர் கொடுப்பது. பேராசிரியர் இரண்டாவதைச் சொன்னார். எழுத்தைப் படிக்காமல் போகிறவனுக்கும் இந்தக் கட்டம் வேறு என்று தெரிய வேண்டும் என்றார். கங்கா ஒரு வரியை நீக்கி, உன் பழைய வரிக்கு முன்னாலிருந்த குறியை எடுத்தார். நிரல் ஓடியது. ஒன்பது கட்டங்கள் வந்தன. ஏழாவதில் அளவுக்கோடு பாதியாக நின்றது. கண் இடறியது. இடறத்தான் வேண்டும்.

ஏழுமலையிடம் புதிய படத்தைக் காட்டிவிட்டேன். குட்டைக் கோட்டை விரலால் எடுத்து வைத்து, தன் மேடு வரைக்கும் ஒன்று, ஒன்றரை என்று தானே எண்ணினார். முதல் கட்டத்தில் ஒரு கோடுகூட முழுதாகப் போகவில்லை என்பதையும் பார்த்தார். முகம் கொஞ்சம் இறங்கியது. நல்லாதான் கீது என்று பத்து நாளாக நம்பியிருக்கிறார் போலிருக்கிறது. "சரி சார். பூட்ஸு கால் பூட்ஸாவே இருக்கட்டும்" என்றார். அவர் மனைவி தினமும் சாயங்காலம் உள்ளங்காலில் காயம் இருக்கிறதா என்று பார்க்கிறாராம். அதைச் சொல்லிக்கொடுத்ததும் நீதான் என்றார். எனக்கு அது தெரியாது. உன்னைப் பற்றி எனக்குத் தெரியாதவை இப்படி ஒவ்வொருவரிடமிருந்தும் வந்துகொண்டிருக்கின்றன.

இன்னும் முடியாதது ஒன்று. படத்தை மட்டும் மாற்றித் திருத்தம் போடுவதா, முழுக் கட்டுரையையும் மறுபடி மதிப்பீட்டுக்கு அனுப்புவதா, திரும்பப் பெறச் சொல்வதா என்பதை இதழ் முடிவு செய்யவில்லை. அட்டவணை சரியாக இருப்பதால் முதலாவதே நடக்கும் என்பது பேராசிரியரின் கணிப்பு. கணிப்பைச் செய்தியாக எழுத மாட்டேன் என்பது உனக்குத் தெரியும். முடிவு இந்த மாதக் கடைசி வாரத்தில் வரும் என்று நேற்றைய மின்னஞ்சல் சொல்கிறது.

வருவது எதுவானாலும் அதைப் பாஸ்கரனிடமும் ஏழுமலையிடமும் நானே நேரில் போய்ச் சொல்வேன், மெருகு போடாமல், ஒரு சொல்லும் குறைக்காமல். உன் பெயருக்குக் கீழே இதழ்காரர்கள் என்ன எழுதினாலும், கேட்கிறவர்களுக்கெல்லாம் அதில் என் பங்கையும் சேர்த்தே சொல்வேன். இது வாக்கு.

நீ மறுத்தபோது கேட்டிருக்க வேண்டிய,
உன் அண்ணன்
சுந்தரமூர்த்தி
அம்பத்தூர்